ரேஸ் ஓட்ட ஆசையா? முதல்ல திங்கட்கிழமையைப் பற்றி யோசிங்க



"சார், கையில மாசம் 55,000 வருது. கார் ரேஸிங் ஆரம்பிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பர்சனல் லோன் போடலாமா?"

2024 ஆகஸ்ட் கடைசியில சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஸ்ட்ரீட் ரேஸ் நடந்தது. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமார் டீம் அவங்க பிரிவுல மூணாவது இடம் பிடிச்சது. அதுக்கப்புறம் இந்த மாதிரி கேள்வி எனக்கு அடிக்கடி வருது. கேட்கிறவங்க எல்லாம் 25லிருந்து 32 வயசுக்குள்ள, சம்பளத்துல வாழறவங்க.

ஃபைனான்ஸ் சேனல் நடத்தற பலர் இதுக்கு ஒரே வரியில பதில் சொல்லிடுவாங்க: "வேஸ்ட். அந்தக் காசை எஸ்ஐபில போடு." நான் அப்படிச் சொல்லப் போறதில்லை. ஆனா "ஆசையைத் துரத்து, பணம் தானா வரும்"னும் சொல்லப் போறதில்லை. ரேஸ் வார இறுதியில என்ன நடக்குதுன்னு பக்கத்துல இருந்து பார்த்ததை, ஒரு கணக்குப் பிள்ளையோட கண்ணுல சொல்றேன். முடிவு உங்களோடது.

நம்ம மாவட்டத்துலயே இருக்கு

காஞ்சிபுரம்னு சொன்னா பட்டும் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனா இந்தியாவுல கார் ரேஸிங்குக்கு முக்கியமான இடங்கள்ல ஒண்ணும் இதே மாவட்டத்துலதான் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை, மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் க்ளப், முன்னாடி சோழவரத்துல இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில ரேஸ் நடத்திட்டு இருந்தாங்க. 1990ல இந்த டிராக் வந்தது. பக்கத்துலயே ஹுண்டாய் ஃபேக்டரி. வாரநாள்ல கார் செய்யற ஊர், வார இறுதியில கார் ரேஸ் ஓட்டற ஊர்!

நான் காஞ்சிபுரத்துல பிராக்டிஸ் பண்றேன். எனக்குத் தெரிஞ்ச நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி எஸ்டீம் ரேஸ் கார் வச்சிருக்காங்க. ஒருத்தர் உதிரிபாகக் கம்பெனியில சூப்பர்வைசர், அவர்தான் மூத்தவர். ரெண்டு பேர் ஒரகடம் பக்கம் ஃபேக்டரி இன்ஜினியர்கள். நாலாவது ஐடியில வேலை பார்க்கிற தம்பி. கார் நிக்கற இடம் ஓரிக்கையில ஒரு ஷெட். பக்கத்து வீட்டுல தறிச் சத்தம், இவங்க ஷெட்டுல ஸ்பானர் சத்தம்.

இவங்களுக்குள்ள செலவுல அடிக்கடி சண்டை வரும். அதனால ஒரு ரேஸுக்கு என்னைக் கூப்பிட்டு, "மூணு நாளும் கூட இருந்து கணக்கு எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. போனேன்.

மூணு நாள், எட்டு வரி

டிவில பார்க்கிறப்போ ரேஸ்னா வேகம். பிட்ல உட்கார்ந்து பார்த்தா பாதி நேரம் வரிசையில நிக்கறதுதான்! வெள்ளிக்கிழமை பேப்பர் வேலை. இந்தியாவுல மோட்டார் ஸ்போர்ட்ஸை நிர்வகிக்கிற எஃப்எம்எஸ்சிஐ கொடுக்கிற போட்டி லைசன்ஸ், மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் காட்டணும். அப்புறம் ஸ்க்ரூட்டினி. காரோட ரோல் கேஜ், சீட் பெல்ட், தீயணைப்பான், டிரைவரோட ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை எல்லாத்தையும் சோதிப்பாங்க. ஒண்ணு சரியில்லைன்னாலும் டிராக்ல இறங்க முடியாது. பிறகு பிராக்டிஸ், டிரைவர்கள் கூட்டம், சனிக்கிழமை குவாலிஃபையிங், முதல் ரேஸ், ஞாயிறு இரண்டாவது ரேஸ். நடுவுல ஓயாத வேலை. டயர் காத்து பார்க்கிறது, பிரேக் பேட் மாத்தறது, வெயில்ல காரைத் தள்றது. மெக்கானிக் அண்ணா மூணு நாள்ல மொத்தமா எட்டு மணி நேரம் தூங்கியிருந்தா அதிகம்.

சரி, கணக்குக்கு வருவோம். ரவுண்டா போடறேன்.

என்ட்ரி ஃபீஸ்: ₹15,000
டயர் நாலு: ₹36,000
பிரேக் பேட்: ₹8,000
ஆயில், கூலன்ட், சில்லறை: ₹5,000
பெட்ரோல்: ₹6,000
மெக்கானிக், உதவியாளர் கூலி: ₹15,000
கார் ஏத்திட்டுப் போக வண்டி: ₹8,000
சாப்பாடு, தங்கறது: ₹12,000

மொத்தம் ₹1,05,000. நாலு பேருக்குப் பிரிச்சா தலைக்கு ₹26,250.

இது ஒரு டீமோட ஒரு வார இறுதிக் கணக்குதான். வேற கார், வேற பிரிவுன்னா வேற எண் வரும். ஆனா எங்க போனாலும் ஒரு விஷயம் மாறாது: காரோட விலை, செலவோட ஆரம்பம் மட்டும்தான். இவங்க காரை ₹3 லட்சத்துக்கு வாங்கினாங்க. மூணு வார இறுதி ஓட்டினா இன்னொரு காரோட விலை போயிடும். "பெட்ரோல்தான் பெரிய செலவு"ன்னு நினைக்கிறவங்க மேல இருக்கிற லிஸ்ட்டை மறுபடி பாருங்க, அது கடைசிக்கு முந்தின இடத்துல நிக்குது.

இந்த எட்டு வரியில இல்லாத ஒன்பதாவது வரிதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

சனிக்கிழமை சாயங்காலம்

முதல் ரேஸ், முதல் லேப். நடுவுல ஒரு கார் சுத்தி நின்னுடுச்சு, பின்னாடி வந்த நம்ம எஸ்டீம் ஒதுங்க இடமில்லாம இடிச்சது. ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகலை. அதை முதல்ல சொல்லிடறேன். ஆனா ரேடியேட்டர் உடைஞ்சது, முன்பக்க சஸ்பென்ஷன் வளைஞ்சது. ரேடியேட்டர் உடைஞ்சது தெரியாம கொஞ்ச தூரம் ஓட்டினதுல இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கெட்டும் போச்சு.

மெக்கானிக் அண்ணா பார்த்துட்டு சொன்னார்: "ராத்திரி முழுக்க வேலை செஞ்சா காலையில ஓட்டலாம். புதுப்பேட்டையில சாமான் கிடைக்கும், இப்பவே கிளம்பணும். எல்லாம் சேர்த்து ஒண்ணு பத்து ஆகும்."

அதாவது ₹1,10,000. எஸ்டீம் உற்பத்தி நின்னு பல வருஷம் ஆச்சு. சாமான் தேடிப் பிடிக்கணும், அவசரத்துக்கு விலையும் ஏறும். டீமோட விபத்து நிதியில அப்போ இருந்தது ₹40,000. குறையறது ₹70,000. மாசக் கடைசி. ரெண்டு பேர் "இப்போ முடியாது"ன்னு நேராவே சொல்லிட்டாங்க.

அப்போதான் ஐடி தம்பி போனை எடுத்தார். ஆப்ல ப்ரீ-அப்ரூவ்டு லோன் மூணு லட்சம் காத்துட்டு இருந்தது. "நான் முழுசா போடறேன்ணா. ரெண்டு நிமிஷத்துல அக்கவுண்ட்டுக்கு வந்துடும். நீங்க எல்லாம் மெதுவா குடுங்க."

பெரிய மனசுதான், இல்லைங்கலை. ஆனா அந்தத் தம்பிக்கு ஏற்கனவே பைக் லோன் ஓடுது, கிரெடிட் கார்டுலயும் ஒரு இஎம்ஐ ஓடுது. சாம்பியன்ஷிப் பாயின்ட் கண்ணு முன்னாடி, பக்கத்து கேரேஜ்ல இன்ஜின் உறுமற சத்தம், உடம்பு முழுக்க அட்ரினலின். கடன் வாங்க இதைவிட மோசமான நேரம் கிடையாது!

மூத்தவர் ஒரே வார்த்தை சொன்னார்: "பிட்டுக்குள்ள கடன் கிடையாது. நாலு பேரும் கையெழுத்துப் போட்ட ரூல்."

வாக்குவாதம் பெருசாச்சு. "ஒரு ரேஸுக்காக இவ்வளவு தூரம் வந்துட்டு"ன்னு தம்பி கத்தினார். "என் காசு, என் லோன், உங்களுக்கு என்ன"ன்னும் கேட்டார். நான் கால்குலேட்டரை எடுத்து ஒரே ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன்.

₹70,000 கடன், 18% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் ₹3,495. மொத்தம் கட்டறது கிட்டத்தட்ட ₹83,900. வட்டி மட்டும் சுமார் ₹13,900.

ஞாயிறு ரேஸ் 20 நிமிஷத்துக்குள்ள முடியும். கடன் 24 மாசம் ஓடும். அந்த ரேஸ்லயும் இடிச்சா?

கார் ஞாயிறு ஓடலை. தம்பி கோபத்துல ராத்திரி சாப்பிடலை. மறுநாள் நாலு பேரும் பக்கத்து டீமுக்கு டயர் மாத்த உதவி பண்ணிட்டு, சாயங்காலம் காரை வண்டியில ஏத்திட்டு ஊர் திரும்பினாங்க. அடுத்த ரெண்டு மாச சம்பளத்துல இருந்து எடுத்து, அவசரம் இல்லாம சாமான் தேடி, அதே வேலையை ₹82,000க்கு முடிச்சாங்க. அடுத்த ரவுண்டுக்கு நாலு பேரும் இருந்தாங்க. யாரும் யாருக்கும் கடன்காரன் இல்லை. நண்பர்கள் சேர்ந்து செய்யற எந்தச் செலவுலயும் இதுதான் பெரிய லாபம்னு நான் நினைக்கிறேன். ஒருத்தர் பேர்ல லோன், நாலு பேருக்கு சந்தோஷம்ங்கிற கணக்கு எத்தனை நட்பை முடிச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ரிட்டர்ன் இல்லாத செலவு தப்பா?

"இவ்வளவு செலவு பண்ணி என்ன வரப் போகுது?" இதுதான் வீட்டுல வர்ற கேள்வி. நேர்மையான பதில்: பணமா ஒண்ணும் வராது. நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் போனார், கருண் சந்தோக் 2010ல போனார். ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் சென்னை. ரெண்டு பேருமே சின்ன வயசுலயே இதை முழு நேரமா எடுத்துக்கிட்டவங்க. 28 வயசுல சம்பளத்துல இருந்து ஆரம்பிக்கிற நமக்கு இது கேரியர் இல்லை, ஹாபி. இதை ஒத்துக்கிட்டாலே பாதி தப்பு நடக்காது.

ஆனா ரிட்டர்ன் வராததால தப்புன்னு சொன்னா, எங்க ஊரே கடையை மூட வேண்டியதுதான்! கல்யாணத்துக்கு எடுக்கிற பட்டுச் சேலைக்கு என்ன ரிட்டர்ன்? வாழ்நாள்ல பத்துத் தடவை கட்டுவாங்களா? ஆனா யாரும் அதை வேஸ்ட்னு சொல்றதில்லை. காரணம், பல குடும்பங்கள் அதுக்கு முன்கூட்டியே சேர்த்து வைக்கிறாங்க. சீட்டுப் போட்டு, போனஸை ஒதுக்கி, கையில காசோட கடைக்கு வர்றாங்க. சந்தோஷத்துக்கு செலவு பண்றது தப்பில்லை. அந்தச் சந்தோஷம் முடிஞ்ச பிறகும் அதுக்குக் காசு கட்டிட்டே இருக்கறதுதான் தப்பு.

என் கருத்து இதுதான்: எந்த ஹாபியையும் "மாசம் எவ்வளவு கட்ட முடியும்"னு அளக்காதீங்க. "மொத்தமும் போனா தாங்குவேனா"ன்னு அளங்க. நான் இதை திங்கட்கிழமை டெஸ்ட்னு சொல்வேன். ஞாயிறு சாயங்காலம் கார் மொத்தமா நொறுங்கிடுச்சுன்னு வச்சுக்கோங்க. திங்கட்கிழமை காலையில ஆபீஸ் போறப்போ உங்க வாடகை, வீட்டுக்கு அனுப்பற பணம், எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட் நாலும் தொடாம அப்படியே இருக்கணும். இருந்தா, தாராளமா ஓட்டுங்க. இல்லைன்னா நீங்க இன்னும் ரெடி ஆகலை.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

கார் இன்சூரன்ஸ்: சாதாரண தனியார் கார் பாலிசியில, ஏற்பாடு செய்யப்பட்ட ரேஸ், வேகச் சோதனை மாதிரியான பயன்பாட்டுக்கு கவர் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். ரோட்ல ஓட்டற உங்க ஸ்விஃப்ட்டை போட்டியில இறக்கி இடிச்சா, செலவு உங்க பாக்கெட்ல இருந்துதான். அந்தக் காருக்கு லோன் பாக்கி இருந்தா நிலைமை இன்னும் மோசம். கார் போயிடும், இஎம்ஐ மட்டும் ஓடும்.

ஹெல்த் இன்சூரன்ஸ்: இங்க ஒரு வார்த்தை முக்கியம். ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகள்ல சாகச விளையாட்டு ஒண்ணு, அதுல மோட்டார் ரேஸிங்கும் பேர் சொல்லி இருக்கு. ஆனா அந்த விதி, தொழில்முறை வீரரா கலந்துக்கிறப்போ ஆகிற சிகிச்சைச் செலவைப் பற்றித்தான் பேசுது. அமெச்சூரா ஓட்டறவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய பாதுகாப்பு. அதே சமயம், பரிசுப் பணம், ஸ்பான்சர்னு போனா "நீங்க அமெச்சூரா"ங்கிற கேள்வி வரலாம். ஆபீஸ்ல குடுத்த க்ரூப் பாலிசியோட வாசகம் வேற மாதிரியும் இருக்கலாம். கம்பெனிக்கு மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கோங்க.

விபத்து பாலிசி, டேர்ம் பாலிசியோட வர்ற விபத்து ரைடர்: இதுல பெரும்பாலும் ரேஸிங்கை அமெச்சூர், தொழில்முறைன்னு பிரிக்காம விலக்கி இருப்பாங்க. இருக்குன்னு நம்பி இறங்காதீங்க.

டேர்ம் இன்சூரன்ஸ்: விண்ணப்பத்துல ஆபத்தான ஹாபி உண்டான்னு கேட்பாங்க. உண்மையைச் சொல்லுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடலாம், பரவாயில்லை. பாலிசி எடுத்து மூணு வருஷத்துக்குள்ள, முக்கியமான உண்மையை மறைச்சதா சொல்லி கம்பெனி க்ளெய்மை எதிர்க்க சட்டத்துல வழி இருக்கு. அந்தச் சண்டையைப் போடப் போறது நீங்க இல்லை, உங்க அம்மாவோ மனைவியோ.

"சார், ஒரு ஃபர்ம் ஆரம்பிச்சா டேக்ஸ் குறையுமா?"

இந்தக் கேள்வி வராம இருக்காது! ரேஸிங் டீம்னு ஒரு ஃபர்ம் ஆரம்பிச்சு, டயர் பில்லை எல்லாம் நஷ்டமா காட்டி, சம்பள வருமானத்துல கழிச்சுக்கலாமா? முடியாது. பிசினஸ் நஷ்டத்தை சம்பளத்தோட செட்-ஆஃப் பண்ண சட்டம் அனுமதிக்கிறதில்லை. அதோட, லாபம் பார்க்கிற நோக்கமே இல்லாத ஹாபியை பிசினஸ்னு நிரூபிக்கிறதும் கஷ்டம்.

ஸ்பான்சர் கிடைச்சா அது வருமானம், கணக்குல காட்டணும். பணமா இல்லாம டயராவோ ஹெல்மெட்டாவோ வந்தாலும் அப்படித்தான். பிசினஸ் தொடர்பா கிடைக்கிற இந்த மாதிரி பலன்கள் வருஷத்துக்கு ₹20,000ஐ தாண்டினா, கொடுக்கிறவர் 10% டிடிஎஸ் பிடிக்கணும். ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளி வருமானம் பற்றி என்ன இருக்குன்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.

55,000 சம்பளத்துல முடியுமா?

முடியும், சில நிபந்தனைகளோட.

முதல்ல ஆறு மாசச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்ட். அடுத்து சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, உங்களை நம்பி யாராவது இருந்தா டேர்ம் பாலிசி. கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்ஜியம். இதெல்லாம் முடிஞ்ச பிறகு கைக்கு வர்ற சம்பளத்துல 10% ஹாபிக்குன்னு தனி அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. ₹5,500 × 12 = ₹66,000.

மேல சொன்ன டீம் மாதிரி நாலு பேர் சேர்ந்தா, தலைக்கு ₹26,250 வீதம் வருஷத்துக்கு ரெண்டு வார இறுதி, ₹52,500. மிச்சம் ₹13,500 விபத்து நிதிக்கு. காருக்கான உங்க பங்கு ₹75,000ஐ அதுக்கு முன்னாடியே தனியா சேர்த்திருக்கணும். அதே வேகத்துல சேர்த்தா அதுக்கு 14 மாசம் ஆகும். அந்த 14 மாசம் வீண் இல்லை. கார்ட்டிங் டிராக்ல அப்பப்போ ஓட்டிப் பாருங்க. ரேஸ் நடக்கிறப்போ மார்ஷலா தன்னார்வலரா சேர முடியுமான்னு க்ளப்ல கேளுங்க. கொடி பிடிச்சு, டிராக் ஓரத்துல நின்னு பார்க்கிறப்போ டிக்கெட் எடுத்தாலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். 14 மாசத்துல ஆசை அடங்கிடுச்சுன்னா கையில ₹75,000 இருக்கு. அடங்கலைன்னா அது உண்மையான ஆசை.

டீம்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. கார் யார் பேர்ல, யாருக்கு எத்தனை பங்கு, இடிச்சா செலவு யாரோடது, ஒருத்தர் விலகினா அவர் பங்கு என்ன விலைக்குப் போகும், விபத்து நிதி எவ்வளவுக்குக் கீழ போனா அடுத்த ரேஸ் கிடையாது. ஒரு முழு வார இறுதிச் செலவு அளவுக்கு விபத்து நிதி எப்பவும் இருக்கணும்ங்கிறது என் சிபாரிசு. சனிக்கிழமை சாயங்காலம் எடுக்க வேண்டிய முடிவை, ஆறு மாசம் முன்னாடி ஒரு டீக்கடையில உட்கார்ந்து அமைதியா எடுத்து வச்சுக்கிறதுதான் இந்த ஒரு பக்கம்.

ரேஸ் காருக்குப் பதிலா உங்க ஆசை ஒரு கேமராவா, சூப்பர் பைக்கா, இமயமலை ட்ரெக்கிங்கா இருக்கலாம். கணக்கு ஒண்ணுதான். உங்க ஹாபியோட "எட்டு வரி" என்ன, அந்த ஒன்பதாவது வரி என்னன்னு இன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எழுதின பேப்பரை வீட்டுல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அவங்க கேட்கிற முதல் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருந்தா, நீங்க ரெடி.

டீம் ஒப்பந்தத்துல என்னென்ன எழுதணும்னு அடுத்த வீடியோல ஒவ்வொண்ணா பார்க்கலாம். அதுவரைக்கும் ரோட்ல மெதுவா போங்க, வேகம் எல்லாம் டிராக்ல வச்சுக்கலாம்.